மலை ஏறும் துப்பாக்கிக்கு எந்தக் குழல்?

கேள்வியை முதலில் சொல்லிவிடுகிறேன். கொலராடோவில் வசிக்கும் நண்பர் ஒருவரிடம் பழைய ரெமிங்டன் 700 வேட்டைத் துப்பாக்கி இருக்கிறது, .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கானது. குழல் தேய்ந்துவிட்டது, புதிதாக மாட்ட வேண்டும். அக்டோபரில் எல்க் என்ற பெரிய மான் வேட்டைக்கு அதைத் தோளில் போட்டுக்கொண்டு பத்தாயிரம் அடி உயரத்தில் ஏறி இறங்குகிறார். மற்ற மாதங்களில் ரேஞ்சில் காகித இலக்கு. குழல் தயாரிப்பாளர்களின் பட்டியலைத் திறந்தால் லைட் ஸ்போர்ட்டரில் தொடங்கி ஹெவி வார்மிண்ட், எம்டியூ வரை பத்துப் பதினைந்து காண்டூர். தடித்த குழல்தான் துல்லியமாகச் சுடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், எதை எடுப்பது என்று கேட்கிறார்.

என் பதில்: 22 அங்குல நீளம், முனையில் 0.70 அங்குலத்தை ஒட்டிய விட்டம், வெளியே பள்ளம் எதுவும் வெட்டாத சாதாரண எஃகுக் குழல். இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அடுத்து வேறு துப்பாக்கிக்குக் குழல் எடுக்கும்போதும் இதே கணக்கு கை கொடுக்கும்.

காண்டூர் என்றால் குழலின் வெளிப்புற வடிவம். அடியில் எவ்வளவு தடிமன், எந்த இடத்திலிருந்து மெலியத் தொடங்குகிறது, முனையில் எவ்வளவு மிச்சம், அவ்வளவுதான். குழலை, ஒரு முனையைச் சுவரில் பதித்து மறுமுனையைக் காற்றில் விட்ட இரும்புக் கம்பியாக நினைத்துக்கொள்ளுங்கள். ஆக்‌ஷன்தான் சுவர், அதாவது குழலை அடியில் பிடித்துத் தோட்டாவைப் பூட்டும் பகுதி. அந்தக் கம்பியின் எடை விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். வளையாமல் நிற்கும் குணம், அதாவது விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்து ஏறும். நடுவில் இருக்கும் துளைக்கு உண்டானதை இரண்டிலுமே கழித்துக்கொள்ள வேண்டும்.

எண்ணாகப் போட்டால் பளிச்சென்று தெரியும். 24 அங்குலம், அதாவது 61 சென்டிமீட்டர் நீளம், 8 மில்லிமீட்டர் துளை, அடி முதல் நுனி வரை ஒரே தடிமன் என்று வைப்போம். வெளிவிட்டம் 16 மில்லிமீட்டர் என்றால் எடை சுமார் 720 கிராம். 20 ஆக்கினால் 1,260 கிராம், விறைப்பு இரண்டரை மடங்கு. 24 ஆக்கினால் 1,910 கிராம், விறைப்பு 5.3 மடங்கு. எடை 2.7 மடங்கு ஆவதற்குள் விறைப்பு ஐந்து மடங்கைத் தாண்டிவிடுகிறது. தடித்த குழலின் மேல் எல்லாருக்கும் இருக்கும் ஆசைக்கு இந்த நான்காம் அடுக்குதான் காரணம்.

துளையின் கதை இதற்கு நேர் எதிர். 16 மில்லிமீட்டர் கம்பியில் 8 மில்லிமீட்டர் துளை போட்டால் எடையில் கால் பங்கு போய்விடும், விறைப்பில் 6 சதவீதம்தான் போகும். நடுவில் இருக்கும் இரும்பு வளைவைத் தடுக்கப் பெரிதாக உதவுவதில்லை, சுமையாக மட்டும் இருக்கிறது. அதனால்தான் ஒரே காண்டூரில் .22 காலிபர், அதாவது சிறிய துளையுள்ள குழல் எடுத்தால் .30 காலிபரைவிடக் கனமாக இருக்கும். பட்டியலில் போட்டிருக்கும் எடை எந்தக் காலிபருக்கு என்று பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

குரோம்-மோலி எஃகு நல்லதா, ஸ்டெயின்லெஸ் எஃகு நல்லதா என்ற விவாதத்தை இந்த விஷயத்தில் தள்ளி வைத்துவிடலாம். இரண்டின் மீள்தன்மைக் கெழுவும் ஏறக்குறைய 200 கிகாபாஸ்கல், அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரே வடிவத்தில் செய்தால் ஒரே விறைப்பு, ஒரே எடை. துரு, தேய்மானம், விலை ஆகியவற்றைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது, எடையை எந்த இடத்தில் வைப்பது என்பது. நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான், பட்டியலில் இது தெரியவே தெரியாது. முனையில் ஒரு சுமையைத் தொங்கவிட்டால் வளைக்கும் விசை அடியில்தான் உச்சமாக இருக்கும், நுனிக்குப் போகப் போகக் குறைந்துவிடும். அப்படியானால் இரும்பு அடியில் இருக்க வேண்டும். ஒரே எடையுள்ள இரண்டு குழலை எடுத்துக்கொள்வோம். ஒன்று முழுக்க 22.3 மில்லிமீட்டர் விட்டம். மற்றொன்று அடியில் 28, நுனியில் 16, நடுவில் நேர்கோட்டுச் சரிவு. தராசில் இரண்டும் சமம். நுனியில் சுமை வைத்துப் பார்த்தால் சரிவுக் குழல் ஏறத்தாழ 40 சதவீதம் அதிக விறைப்பு. போதாததற்கு அதன் எடை நடுவிலிருந்து பின்னால், உங்கள் கைப்பக்கம் நகர்ந்திருக்கும்.

ஆகவே நுனி விட்டத்தை மட்டும் பார்த்து இரண்டு காண்டூரை ஒப்பிடாதீர்கள். ஒன்று சேம்பரை, அதாவது தோட்டா உட்காரும் அறையைத் தாண்டியதும் சட்டென்று குழிவாக மெலிந்து, பிறகு நீளமாக ஒல்லியாகவே போகும். இன்னொன்று அதே நுனிக்கு நிதானமாக இறங்கி வரும். எண் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் வேறு குழல். வசதி இருந்தால் கடையிலேயே தடிமன் அளக்கும் காலிப்பர் கருவியை வைத்து ஆக்‌ஷனிலிருந்து 5 அங்குலம், 10 அங்குலம், 15 அங்குலத்தில் அளந்து பாருங்கள். எந்தக் குழலுக்கு இடுப்பு ஒடுங்கியிருக்கிறது என்று அந்த மூன்று எண்ணே சொல்லிவிடும்.

நீளத்தை ஏனோ பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. முனை வளைவு நீளத்தின் மூன்றாம் அடுக்கில் கூடுகிறது. 26 அங்குலத்தை 22 ஆக்கினால், தடிமனைத் தொடாமலே விறைப்பு 1.65 மடங்கு ஆகும். எடையைக் குறைத்துக்கொண்டே விறைப்பைக் கூட்ட இது எளிய வழி. விலையாகக் கொடுப்பது வேகம். .308-ல் அங்குலத்துக்கு விநாடிக்குச் சுமார் 25 அடி குறையும் என்பது பொதுவான கணக்கு, நான்கு அங்குலத்துக்கு 100 அடி. 300 கஜத்துக்குள் சுடுபவருக்கு இது தாங்கக்கூடிய இழப்பு. ஆயிரம் கஜப் போட்டிக்காரருக்குத் தாங்காது, அங்கே தோட்டா ஒலிவேகத்துக்குக் கீழே விழாமல் இலக்கை எட்ட வேண்டும் என்பதால் 30 அங்குலக் குழலோடு வருகிறார்கள்.

சரி, இந்த விறைப்பால் துல்லியம் எவ்வளவு கூடும்? பேச்சு பெரும்பாலும் தடம் மாறுவது இந்த இடத்தில்தான். சுட்டதும் குழல் அதிர்கிறது, தடித்தால் அதிர்வு அடங்கும் என்பார்கள். அதுவும் உண்மைதான், ஆனால் எவ்வளவு என்று பாருங்கள். மேலே சொன்ன 16 மில்லிமீட்டர் குழலின் அடிப்படை அதிர்வெண் விநாடிக்குச் சுமார் 34. 24 மில்லிமீட்டர் குழலுக்கு 48. விறைப்பு 5.3 மடங்கு ஆனாலும் எடையும் கூடவே ஏறுவதால் அதிர்வெண் 1.4 மடங்குதான் ஏறுகிறது. தோட்டாவோ ஒன்றேகால் மில்லிவிநாடியில் வெளியே போய்விடும். 34 அதிர்வு என்றால் ஒரு முழு ஆட்டத்துக்கு 29 மில்லிவிநாடி. முதல் ஆட்டத்தில் இருபதில் ஒரு பங்கு முடிவதற்குள் தோட்டா குழலை விட்டுப் போயாகிவிட்டது. நுனி எவ்வளவு நகர்கிறது, ஒவ்வொரு முறையும் அதே மாதிரி நகர்கிறதா என்பதுதான் கேள்வி. விறைப்பான குழல் குறைவாக நகரும், தோட்டாவுக்குத் தோட்டா மருந்தின் அளவில் இருக்கும் சின்ன வித்தியாசத்தை மன்னிக்கும். ஒல்லிக் குழலும் ஒரே மாதிரி நகர்ந்தால் ஒரே இடத்தில்தான் அடிக்கும்.

குழல் தன் எடையாலேயே தொங்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 16 மில்லிமீட்டர் குழல் நுனியில் 0.33 மில்லிமீட்டர் தொங்கும், 24 மில்லிமீட்டர் அதில் பாதி. ஸ்கோப்பைச் சரிசெய்யும்போதே இது ஈடாகிவிடும், கவலை வேண்டாம். ஆனால் முனையில் 400 கிராம் சப்ரஸர், அதாவது சத்தத்தை அடக்கும் குழாய் மாட்டுவதாக இருந்தால் நிலைமை வேறு. ஒல்லிக் குழல் அதற்காக இன்னும் அரை மில்லிமீட்டர் தொங்கும், தடித்தது 0.1-ஐத் தொடாது. சப்ரஸர் மாட்டினால் ஒரு இடம், கழற்றினால் இன்னொரு இடம் என்று தோட்டா விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். கொலராடோவில் சப்ரஸரோடு வேட்டையாட அனுமதி உண்டு, பலர் மாட்டுகிறார்கள். உங்களுக்கும் அந்த எண்ணம் இருந்தால் இப்போதே முடிவு செய்யுங்கள். .30 காலிபருக்கு வழக்கமான மரை 5/8 அங்குல விட்டம், அதாவது 0.625. முனை 0.56 அங்குலம் உள்ள பென்சில் குழலில் அந்த மரையை வெட்டவே முடியாது. சப்ரஸர் உட்காரத் தோள் வேண்டும், அதற்கும் இடம் விட்டால் 0.70-க்குக் கீழே போக வேண்டாம் என்பது என் கருத்து.

தடித்த குழலின் உண்மையான பலன் சூட்டில் இருக்கிறது. .308-ல் ஒரு தோட்டாவுக்கு மூன்று கிராமுக்குக் கொஞ்சம் குறைவான மருந்து எரிகிறது. அந்த வெப்பத்தில் சுமார் 3 கிலோஜூல் குழலுக்குள் போகிறது என்று வைத்தால், 720 கிராம் குழல் ஒரு வெடிக்குச் சராசரியாக 9 டிகிரி செல்சியஸ் ஏறும். 1,910 கிராம் குழல் மூன்றரை டிகிரிதான் ஏறும். பத்து வெடி தொடர்ந்து போட்டால் முதலாவதைக் கையில் பிடிக்க முடியாது, இரண்டாவது சூடானாலும் அந்த அளவுக்குப் போகாது. ஆகவே காண்டூரைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, ஒரே மூச்சில் எத்தனை வெடி போடப்போகிறேன் என்பதைத்தான். எல்க் வேட்டையில் பதில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. வயல்வெளியில் பிரெய்ரி நாய் என்ற வளைவாழ் கொறிணியைச் சுடுபவர்களுக்கு ஒரு காலைப்பொழுதில் நூறு. வார்மிண்ட் காண்டூர் அவர்களுக்காகப் பிறந்தது, வார்மிண்ட் என்றால் தொல்லை தரும் சிறு விலங்கு, பெயரிலேயே இருக்கிறது.

சூடானால் தோட்டா ஏன் இடம் மாறுகிறது? சூடு சீராக ஏறினால் குழல் நேராகவே நீளும், வளைய வேண்டிய அவசியம் இல்லை. எஃகுக்குள் அழுத்தம் மிச்சம் இருந்தால்தான் வளையும். தோட்டாவைச் சுழலவைக்கும் வரிகளை, பட்டன் என்ற கடினமான கருவியைத் துளைக்குள் செலுத்தி அழுத்தி உருவாக்கும்போது எஃகில் அந்த அழுத்தம் தங்கிவிடும். அதைச் சூட்டில் வைத்துப் போக்காமல் வெளிப்புறத்தைக் கடைந்து மெலிதாக்கினால் துளையே சில இடங்களில் நூலளவு விரியும். மெலிய மெலிய இந்தத் தவறு வெளியே தெரியும், தடித்த குழலில் அது புதைந்து கிடக்கும். எனவே ஒல்லிக் காண்டூர் எடுப்பவர் தயாரிப்பாளரைத் தேர்ந்தெடுப்பதில் இரட்டிப்புக் கவனம் காட்ட வேண்டும். நல்ல கையால் செய்த ஒல்லிக் குழல், சுமாரான கையால் செய்த தடித்த குழலைத் தோற்கடிப்பதை நான் ரேஞ்சில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னொரு குற்றவாளி ஸ்டாக், அதாவது துப்பாக்கியைத் தாங்கும் கட்டை. என்னிடம் இருந்த ஒரு மரஸ்டாக் துப்பாக்கி முதல் மூன்று வெடியை ஒரே நாணயத்துக்குள் போடும். நான்காவது ஒன்றரை அங்குலம் மேலே, ஐந்தாவது அதற்கும் மேலே வலப்பக்கம். பத்து நிமிடம் ஆறவிட்டால் மறுபடி முதல் மூன்று ஒழுங்காக விழும். குழல் ஒல்லி என்று நினைத்து மாற்றவே கிளம்பிவிட்டேன். அதற்கு முன் ஒரு டாலர் நோட்டை மடித்துக் குழலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே விட்டு ஆக்‌ஷன் பக்கம் இழுத்துப் பார்த்தேன். முன்பகுதி நுனியிலிருந்து மூன்று அங்குலத்தில் சிக்கி நின்றது. வலப்பக்கம் மரம் கொஞ்சம் ஈரத்தில் ஊதிக் குழலைத் தொட்டுக்கொண்டிருந்தது. உருண்டைக் கட்டையில் உப்புத்தாள் சுற்றி அரைமணி நேரம் தேய்த்து, மரத்துக்கு எண்ணெய் பூசி மூடினேன். அடுத்த வாரம் ஏழு வெடி ஒன்றேகால் அங்குலத்துக்குள் நின்றன. அதே குழல். உங்கள் பழைய குழலைக் கழற்றுவதற்கு முன்பும் அந்த நோட்டை ஒருமுறை விட்டுப் பாருங்கள்.

பள்ளம் வெட்டுவது, அதாவது ஃப்ளூட்டிங் பற்றிப் பெரிய நம்பிக்கைகள் உண்டு. பள்ளம் வெட்டினால் விறைப்பு கூடும் என்பது தவறு, இரும்பை எடுத்தால் விறைப்பு குறையத்தான் செய்யும். சரியாகச் சொல்வதானால், பள்ளம் வெட்டிய தடித்த குழல் அதே எடையுள்ள வெட்டாத ஒல்லிக் குழலைவிட விறைப்பானது. இது உண்மை, பயனுள்ளதும்கூட. ஆனால் வரி போட்டு முடித்த குழலில் பிறகு பள்ளம் வெட்டுவது மேலே சொன்ன அழுத்தத்தை மறுபடி கிளறும் வேலை. குழல் செய்தவரே செய்து கொடுத்தால் சரி, வாங்கிவந்து வேறு பட்டறையில் கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கார்பன் ஃபைபர் சுற்றிய குழல்களை மொன்டானாவில் ப்ரூஃப் ரிசர்ச்சும் யூட்டாவில் கிறிஸ்டென்சன் ஆர்ம்ஸும் செய்கிறார்கள். உள்ளே மெல்லிய எஃகு, வெளியே தடிமனாகக் கார்பன். ஆரம்பத்தில் பார்த்தோமே, வளைவைத் தடுப்பது வெளி ஓரத்தில் இருக்கும் பொருள்தான். அந்த இடத்தில் எடை குறைந்த பொருளை வைக்கும் யோசனை இயற்பியல்படி சரியானது. இழைகள் நீளவாக்கில் எவ்வளவு, குறுக்கே எவ்வளவு என்பதைப் பொறுத்து விறைப்பு மாறும். இழைகளைப் பிணைக்கும் பிசினைத் தாண்டி வெப்பம் வெளியே வரத் தாமதமாகும், ஆகவே வெளியே தொட்டுப் பார்த்து உள்ளே ஆறிவிட்டது என்று நினைக்கக் கூடாது. மலைக்கும் ரேஞ்சுக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கி, சப்ரஸரும் உண்டு, விலை தடையில்லை என்றால் தாராளமாக எடுக்கலாம். அந்த வித்தியாசப் பணத்தில் நல்ல எஃகுக் குழலும், துப்பாக்கியை ஸ்டாக்கில் ஆடாமல் பொருத்தும் பெட்டிங் வேலையும் நிறைய தோட்டாவும் வரும், நான் அதைத்தான் செய்வேன்.

போட்டித் துப்பாக்கிகளைப் பார்த்து வேட்டைத் துப்பாக்கிக்கு முடிவெடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காண்டூர்கள் பெரும்பாலும் விதிப்புத்தகத்தை ஒட்டிப் பிறந்தவை. எஃப்-கிளாஸ் என்ற தொலைதூரப் போட்டியின் எஃப்-டிஆர் பிரிவில் பைபாட் என்ற இருகால் தாங்கியோடு சேர்த்து 8.25 கிலோ வரை போகலாம், எஃப்-ஓபனில் 10 கிலோ. மேசையில் வைத்துச் சுடும் அமெரிக்க பெஞ்ச்ரெஸ்ட் போட்டியில் லைட் வார்மிண்ட் 10.5 பவுண்டு, ஹெவி வார்மிண்ட் 13.5 பவுண்டு. அடியில் 1.250 அங்குலம், 29 அங்குலத்தில் 0.900 என்ற புகழ்பெற்ற சரிவு அந்த விதியில் அனுமதித்த உச்ச அளவு. உச்சவரம்பு இருந்தால் எல்லாரும் அதைத் தொடுவார்கள். அவர்கள் துப்பாக்கியைக் காரிலிருந்து மேசைக்கு மட்டும்தான் தூக்குகிறார்கள்.

மலையில் என்ன ஆகும் என்று நான் பட்டே தெரிந்துகொண்டேன். முதல் வருடம் 26 அங்குல வார்மிண்ட் குழலோடு போனேன். ஸ்கோப், வார், தோட்டா எல்லாம் சேர்த்து 11 பவுண்டுக்கு மேல். இரண்டாம் நாள் காலை, ஆஸ்பென் மரங்களுக்கு இடையே ஒரு பெண் எல்க், இருநூறு கஜம் இருக்கும். முழங்காலில் உட்கார்ந்து தூக்கினேன். நெஞ்சு அடிக்கிறது, முன்பக்க எடை இடது கையை இழுக்கிறது, குறி தோளிலிருந்து வயிற்றுக்கும் வயிற்றிலிருந்து தோளுக்கும் போய் வருகிறது. சுடவில்லை. சுடாதது சரி என்று இன்றும் நினைக்கிறேன். ரேஞ்சில் அரை அங்குலம் போடும் குழல் அந்த இடத்தில் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. அதற்காக ஒரேயடியாக இறகு போல ஆக்கிவிடவும் கூடாது. முனை ரொம்ப லேசாக இருந்தால் மூச்சிரைக்கும்போது குறி துள்ளும், நாடித்துடிப்புகூடத் தெரியும். மொத்த எடை குறையும்போது உதையும் ஏறும். 9 பவுண்டுத் துப்பாக்கியை 7 ஆக்கினால் உதையின் ஆற்றல் ஏறத்தாழ 29 சதவீதம் கூடும், பயிற்சி எடுக்கவே மனம் வராது. ஸ்கோப்போடு எட்டு, எட்டரை பவுண்டில் நிற்பது .308-க்கு நல்ல இடம்.

இப்போது ஆர்டர் கொடுக்கும் விஷயம். காண்டூர் எண்ணை நம்பாதீர்கள். ஒருவரின் 3-ஆம் எண் இன்னொருவரின் 4, ஸ்போர்ட்டர் என்ற சொல்லுக்கும் ஆளுக்கு ஓர் அளவு. படிவத்தில் அடி விட்டம், அந்தத் தடிமன் எத்தனை அங்குலம் நீள்கிறது, முடிக்கும் நீளத்தில் முனை விட்டம் என்று மூன்றையும் எழுதிக் கேளுங்கள். பட்டியலில் முனை விட்டம் 26 அங்குலத்தில் சொல்லியிருந்தால், 22-இல் வெட்டும்போது அது தடித்திருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள். நீங்கள் கேட்கும் குழல் மூன்று பவுண்டுக்கு முன்பின் இருக்க வேண்டும். நான்கு என்று சொன்னால் காண்டூர் தவறு. சேம்பரைச் சுற்றியுள்ள சுவர்த் தடிமனை மட்டும் தயாரிப்பாளர் சொல்வதற்குக் கீழே ஒருபோதும் குறைக்காதீர்கள், அது எடைக்கான இடமே இல்லை, உயிருக்கான இடம். புதுக் குழல் பழையதைவிடத் தடித்திருந்தால் ஸ்டாக்கின் பள்ளத்தையும் அகலப்படுத்த வேண்டும். அதையும் தோட்டா சேம்பரில் சரியாக உட்காருகிறதா என்ற ஹெட்ஸ்பேஸ் சரிபார்ப்பையும் ஒரே கன்ஸ்மித்திடம், அதாவது துப்பாக்கி வேலை செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள், ஆகஸ்ட்டுக்கு முன்பே. செப்டம்பரில் எல்லாப் பட்டறையிலும் வரிசை நிற்கும்.